பாதி புனே, பாதி நாமக்கல்

அன்புள்ள ஐயா,

பழைய வண்டிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எங்கள் வீட்டுத் தகர ஷெட்டில் 1991 மாடல் டாடா 407 ஒன்று ஒன்பது வருடமாக ஓடாமல் நிற்கிறது. அப்பா ஒரு சோடா கலர் கம்பெனியில் அந்த வண்டிக்கு டிரைவராக இருந்தார். கம்பெனியை மூடியபோது சம்பள பாக்கிக்கு ஈடாக வண்டியையே கொடுத்துவிட்டார்கள். அப்புறம் சில வருடம் அப்பாவே வாடகைக்கு ஓட்டினார். பின்னால் இரண்டு பக்கமும் பாட்டில் கிரேட் அடுக்குகிற சாய்வுத் தட்டுகள், மேலே தகரக் கூரை, பக்கவாட்டில் மங்கிப்போன கம்பெனி பெயர் எல்லாம் அப்படியே இருக்கிறது.

எனக்கும் தம்பிக்கும் இதை வீட்டிலேயே வைத்துச் சரி செய்ய ஆசை. உள்ளே ஒரு படுக்கை, சின்ன அடுப்பு வைத்துக்கொண்டு கொல்லிமலை, வால்பாறை என்று போய்வர வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களில் பழைய வண்டியைக் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்கே திருப்பிக் கொண்டுவருகிறார்கள். நாங்களும் அப்படிச் செய்ய வேண்டுமா, அல்லது எங்கள் விருப்பத்துக்கு மாற்றலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது? ஆர்.டி.ஓ. ஆபீஸில் சிக்கல் வருமா? அப்பா, "பேசாமல் காயலான் கடையில் போடுங்கள்" என்கிறார். படங்கள் இணைத்திருக்கிறேன்.

எஸ்., திண்டுக்கல்

*

அன்புள்ள எஸ்,

படங்களைப் பார்த்தேன். நீங்கள் முன்பக்கம், இன்ஜின், சீட் என்று நிறைய எடுத்திருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஒரு ஓரத்தில் தற்செயலாக விழுந்திருக்கும் இடம்: கேபினுக்குப் பின்னால், இடதுபக்கத் தட்டுக்குக் கீழே, பாடி கட்டியவர்களின் பெயரும் "நாமக்கல்" என்ற எழுத்தும் ஒரு போன் நம்பரும். உங்கள் முதல் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

கம்பெனி நிலைக்குத் திருப்புவது என்றால் எந்தக் கம்பெனி? டாடா தன் புனே தொழிற்சாலையிலிருந்து உங்கள் வண்டியில் கொடுத்தது கேபினும் சேசிஸும்தான். கேபினுக்குப் பின்னால் வெறும் இரும்புச் சட்டம். சோடா கம்பெனிக்காரர் அந்த எலும்புக்கூட்டை நாமக்கல்லுக்குக் கொண்டுபோய், "எனக்கு இத்தனை கிரேட் ஏற வேண்டும், ஆள் கீழே நின்றே எடுக்க வேண்டும், வளைவில் பாட்டில் சரியக் கூடாது" என்று சொல்லியிருப்பார். ஆசாரியும் வெல்டரும் டிங்கரும் அதற்குத் தகுந்தபடி கட்டியிருப்பார்கள். நம் ஊரில் அந்தக் காலத்துப் பெரிய லாரிகள் பலவற்றுக்குக் கேபினே கிடையாது, முகப்பும் சேசிஸும் மட்டும்தான் வரும். டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் திறந்த வண்டியை ஓட்டி வருவதை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். மீதி வண்டி நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் கரூரிலும்தான் உருவானது.

பிரான்சில் 1947 முதல் 1981 வரை சிட்ரோயன் எச் என்ற டெலிவரி வேன் வந்தது. மெல்லிய தகட்டுக்கு வலு கிடைப்பதற்காக உடம்பு முழுக்க வரிவரியாக மடித்திருப்பார்கள். முன்சக்கரத்தில் இழுக்கும் வண்டி என்பதால் தரை தாழ்வாக இருக்கும், உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். அதைப் புதுப்பிக்கிறவர்கள் தொழிற்சாலையின் அளவை அப்படியே பின்பற்றுவதில் நியாயம் இருக்கிறது. தகடு முதல் கதவுப் பிடி வரை அங்கேயே தீர்மானமானது. உங்கள் வண்டியின் பாடி ஒரே ஒரு முதலாளிக்காக, ஒரே ஒரு தொழிலுக்காக, வரைபடம் இல்லாமல் கையளவில் கட்டியது. அதே பட்டறையில் அடுத்த வாரம் கட்டிய பாடிகூட வேறாகத்தான் இருந்திருக்கும். 407 இன்னும் ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. இந்தப் பாடி இன்னொன்று கிடையாது. ஆகவே கேபினுக்குள் உங்கள் இஷ்டம். சீட்டை மாற்றுங்கள், ஃபேன் போடுங்கள், சார்ஜர் வையுங்கள். பின்னால் இருக்கும் தட்டுகளை மட்டும் கேஸ் கட்டர் வைத்து அறுத்துவிடாதீர்கள். இதை நான் வற்புறுத்தியே கேட்டுக்கொள்கிறேன்.

இன்ஜினைப் பற்றி நீங்கள் பயப்படுவது தெரிகிறது. அதுதான் இருப்பதிலேயே சுலபம். 407 சந்தைக்கு வந்தது 1986இல். அதே காலத்தில் டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸான், ஐஷர் மிட்சுபிஷி, சுவராஜ் மஸ்தா என்று ஜப்பானியக் கூட்டில் நான்கு வண்டிகள் போட்டிக்கு நின்றன. அவற்றில் டி.சி.எம். டொயோட்டாவோ ஆல்வின் நிஸானோ உங்கள் ஷெட்டில் நின்றிருந்தால் ஒரு கேஸ்கட்டுக்கு ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும். 407 இன்றும் அதே பெயரில் விற்கிறது. உங்களுடையது 497 இன்ஜின்: நான்கு சிலிண்டர், சிலிண்டர் துளையின் விட்டம் (போர்) 97 மில்லிமீட்டர், மொத்தம் 2956 சிசி. பாகமும் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் எந்த ஊரிலும் கிடைப்பார். ஒன்று மட்டும் கவனம்: புது பேட்டரியை மாட்டி உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். ஒன்பது வருடத்தில் சிலிண்டர் சுவர் காய்ந்து துருப் படிந்திருக்கலாம். டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. டேங்கில் கிடக்கும் டீசல் இந்நேரம் கசடாகியிருக்கும். டேங்கை இறக்கிக் கழுவிய பிறகுதான் புது டீசல்.

பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எல்லாவற்றிலும் ரப்பரை மாற்றுங்கள், பைப்பையும் பாருங்கள். டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள். வண்டிக்கு அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பவே கூடாது. இரண்டு டன்னுக்கு மேல் எடை. சேசிஸுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு நான்கு வைத்த பிறகே தம்பி உள்ளே படுக்கட்டும். டயரைக் கழற்றி மாட்டுவதை வீட்டில் செய்யாதீர்கள். ரிங் போட்ட வீல் அது, காற்று ஏறும்போது ரிங் தெறித்து உயிர் போனவர்கள் உண்டு. பஞ்சர் கடைக்கே கொண்டுபோங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு நீளமான மரக்கட்டை படுத்திருக்கும், இரண்டு பக்கமும். அதன்மேல் குறுக்குக் கட்டைகள், அவற்றின்மேல் பலகை. பழைய வண்டிகள் சாவது அந்த நீளக் கட்டைக்கு அடியில்தான். மழைத் தண்ணீர் இறங்கி மரத்துக்கும் இரும்புக்கும் இடையில் தங்கும், காயவே காயாது. உங்கள் வண்டியில் இன்னொன்றும் சேர்ந்திருக்கும். உடைந்த பாட்டில்களிலிருந்து கலர் வழிந்து பலகை இடுக்கில் இறங்கியிருக்கும். சர்க்கரைப் பிசுக்கு தூசியைப் பிடித்துவைக்கும், தூசி ஈரத்தைப் பிடித்துவைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட்கூட நன்றாகத்தான் இருக்கும். ஒரு சின்னச் சுத்தியலால் சேசிஸை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். அரித்த இடத்தில் சத்தம் செத்துப்போகும். அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் துரு ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும்.

அந்தப் பழைய கட்டையை எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். சேசிஸைச் சுற்றி யு கிளாம்ப் போட்டு முறுக்கியிருப்பார்கள், ஓட்டை போட்டிருக்க மாட்டார்கள். சேசிஸ் வளையும்போது இழுப்பும் அழுத்தமும் அதிகமாக ஏறுவது மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும். அங்கே ஓட்டை போட்டாலோ வெல்டிங் வைத்தாலோ விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அதைத் தெரிந்து செய்த வேலை அது. புதுக் கட்டை வைக்கும்போது நீங்களும் கிளாம்ப்தான் போட வேண்டும். "நாலு இடத்தில் வெல்டு பிடித்துவிட்டால் ஆடாது" என்று யாராவது சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். சேசிஸிலேயே பெரிய அரிப்பு இருந்தால் அது வீட்டு வேலை இல்லை. பாடி பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

அந்தப் போன் நம்பர் பழைய, குறைந்த இலக்க நம்பர், இப்போது கிடைக்காது. ஆனாலும் ஒரு நாள் நாமக்கல் போய் பட்டறைப் பெயரைச் சொல்லி விசாரித்துப் பாருங்கள். கட்டியவர் இல்லாவிட்டாலும் அவரிடம் வேலை பழகியவர் யாராவது இருப்பார். உங்கள் படத்தைக் காட்டினால் என்ன மரம், என்ன கனம், எந்தத் தட்டு பிறகு மாற்றியது என்று அவர் சொல்லிவிடுவார்.

சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் சொன்ன விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பழைய வண்டிகளைப் பாரம்பரிய (விண்டேஜ்) வண்டியாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021இல் ஒரு விதி கொண்டுவந்தது. அது 50 வயது தாண்டிய இருசக்கர வண்டிகளுக்கும் பயணிகள் காருக்கும்தான். கார் வைத்திருந்தவர் வீட்டு வண்டி பாரம்பரியம், ஊருக்கே சோடாவும் அரிசியும் சுமந்த வண்டிக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. சரக்கு வண்டிகளையும் சேர்க்க வேண்டும் என்று நான் தொடர்ந்து எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

உங்கள் நிலைமையில் முதல் வேலை ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்ப்பது. அப்பா பெயருக்கு மாறியிருக்கிறதா, இன்னும் கம்பெனி பெயரிலேயே இருக்கிறதா? வரி எதுவரை கட்டியிருக்கிறது, எஃப்.சி. (தகுதிச் சான்று) எப்போது முடிந்தது? இவை தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். அதன்பிறகு, வேலை தொடங்குவதற்கு முன்பே பிரேக் இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்து உங்கள் திட்டத்தைச் சொல்லுங்கள். சரக்கு வண்டியை வீட்டு வண்டியாகவே வகை மாற்ற வேண்டுமென்றால் அது நீண்ட வழி. என் யோசனை, வண்டி சரக்கு வண்டியாகவே இருக்கட்டும், பாடியை மாற்ற வேண்டாம். படுக்கையும் அடுப்பும் கழற்றி எடுக்கிற பெட்டிகளாகச் செய்யுங்கள். கிரேட் அளவுக்குக் கட்டிய தட்டுகள்தானே, அதே அளவில் பெட்டி செய்தால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொள்ளலாம், ஒன்றில் பாத்திரம், ஒன்றில் துணி, ஒன்றில் தண்ணீர் கேன். தட்டு உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் மலைப்பாதையிலும் எதுவும் வெளியே வராது. நடுவில் உள்ள இடைவெளியில் மடக்குப் படுக்கை போடலாம். இதையும் இன்ஸ்பெக்டரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஓடும்போது யாரும் பின்னால் உட்காரக் கூடாது, நிறுத்திய பிறகுதான் படுக்கை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் வைக்கும் இடத்தில் தரையோரம் காற்றுத் துளை கட்டாயம் வேண்டும்.

பக்கவாட்டில் உள்ள எழுத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. கையால் எழுதிய எழுத்து. "சோ"வின் கொம்பு வளைந்து முன்னால் வருவதையும், ஒவ்வொரு எழுத்துக்கும் வலதுபக்கம் சிவப்பு நிழல் விழுவதையும் பெரிதாக்கிப் பார்த்தேன். தூரிகையை ஒரே இழுப்பில் இறக்கியிருக்கிறார். முதலில் டிரேசிங் பேப்பர் ஒட்டி அச்சு எடுத்துவையுங்கள். சோப்புத் தண்ணீரில் பஞ்சு நனைத்து மெதுவாகத் துடையுங்கள், தின்னர் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. துடைத்தது காய்ந்ததும் மெழுகு போட்டால் போதும், திரும்ப எழுத வேண்டாம். எழுத்து இல்லாத இடங்களில் பெயின்ட் உரிக்க வேண்டி வந்தால் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். அந்தக் காலத்து மஞ்சள் பெயின்டில் ஈயம் இருக்கும். மாஸ்க் போடுங்கள், வீட்டுக் குழந்தைகளை ஷெட் பக்கம் விடாதீர்கள்.

அப்பா காயலான் கடை என்று சொல்வதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வால்பாறையை நினைக்கிறீர்கள். அவருக்கு அந்தத் தட்டுகளைப் பார்த்தால் ஏற்றி இறக்கிய கிரேட்டும் வராத சம்பளமும்தான் நினைவுக்கு வரும். ஷெட்டுக்கு வாருங்கள் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் கியர் எதில் இறுகும், எந்தப் பக்கம் இழுக்கும், எந்த ஸ்பிரிங் பட்டை உடைந்து மாற்றியது என்பதெல்லாம் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. வேலையில் சிக்கும்போது ஒவ்வொரு கேள்வியாக, மெக்கானிக்கிடம் கேட்கிற மாதிரி கேளுங்கள்.

அடிப்பலகையைக் கழற்றியதும் சேசிஸின் மேல்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். பின்சக்கரத்துக்கு மேலே வரும் பகுதி தெளிவாகத் தெரிய வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் மரம் வாங்குவது பற்றிப் பேச முடியும்.