அம்மாவின் கால் புண்ணுக்கு வீடியோ வைத்தியம் போதுமா?

ஜவ்வாது மலையில் இருக்கும் அம்மாவுக்குச் சர்க்கரை, காலில் மூன்று வாரமாக ஆறாத புண், அரசின் வீடியோ மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனியில் கூப்பிட்டால் படம் உறைந்துபோகிறது, டாக்டர் சரியாகப் பார்க்காமலே மாத்திரை எழுதிவிட்டார், நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

மாத்திரைப் பேச்சு அப்புறம், முதலில் புண். சர்க்கரைக்காரர் பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், உணர்ச்சி இருக்கிறதா, நாடி துடிக்கிறதா என்பதெல்லாம் எவ்வளவு நல்ல வீடியோவிலும் தெரியாது, அதனால் இந்த வாரமே ஒருமுறை நேரில் காட்டியாக வேண்டும். கறுத்தாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அதற்காகத் தொலைமருத்துவமே வீண் என்று நினைக்காதீர்கள். அடுத்த முறை வீட்டிலிருந்து பேசாமல் துணை சுகாதார நிலையத்துக்கு அம்மாவை அழைத்துப் போங்கள், அங்கே செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து பிரஷர், சுகர் பார்த்து டாக்டரிடம் சொல்லுவார், அதே இ-சஞ்சீவனிதான், ஆனால் பேச்சின் தரமே வேறு. என் மாமனாருக்கு இப்படித்தான் மருந்தின் அளவை மாற்றினார்கள்.

படம் நின்றுபோனால் குரல் அழைப்பு போதும். புண்ணைக் காலையிலேயே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் போட்டோ எடுத்துவையுங்கள், வளர்கிறதா சுருங்குகிறதா என்று டாக்டருக்குப் புரியும். அப்புறம், 'நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது' என்று டாக்டர் சொன்னால் கோபப்படாதீர்கள், தொலைமருத்துவத்துக்கான 2020 வழிகாட்டு நெறிமுறைகள் அந்த முடிவை அவரிடம்தான் விட்டிருக்கின்றன.

சர்க்கரை மாத்திரைக்காக மட்டும் மலை இறங்க வேண்டாம், அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அம்மா பெயரைப் பதிந்தால் வீட்டுக்கே வரும்.