சின்ன ராக்கெட்டுக்கு எஞ்சின் தயாராகிவிட்டால் மீதி வேலை சுலபம்தானே?

நீங்கள் இன்ஜினியரிங் மாணவர் என்று நினைக்கிறேன். 2024 மே 30 அன்று சென்னை நிறுவனமான அக்னிகுல் ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரே துண்டாக 3டி பிரிண்ட் செய்த எஞ்சினோடு சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டதைப் பார்த்து ஆர்வம் வந்திருக்கும். நல்லது. ஆனால் "மீதி சுலபம்" என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். எஞ்சின்காரர்கள் கோபப்பட வேண்டாம், எரிபொருளை வேகமாக இறைக்கும் டர்போ பம்ப்பும், அதை எரியறைக்குள் தூவும் இன்ஜெக்டரும் லேசான வேலை என்று நான் சொல்லவில்லை.

ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 1ஐப் பாருங்கள். சுமார் 21 மீட்டர் உயரம், மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும், ஏவியது பசிபிக்கில் க்வாஜலீன் பவளத்தீவுக் கூட்டத்தின் ஓமலெக் தீவிலிருந்து. முதல் மூன்று முறையும் தோல்வி. ஒன்றில்கூட எஞ்சின் எரியாமல் போகவில்லை.

2006 மார்ச் 24: எரிபொருள் குழாயில் ஒரு அலுமினிய நட்டு. உப்புக்காற்றில் அரித்து விரிசல் விட்டிருந்தது. கிளம்பும் முன்பே மண்ணெண்ணெய் கசிந்து, எஞ்சின் மூண்டதும் பற்றிக்கொண்டது. வால்வுகளைத் திறந்து வைத்திருந்த அழுத்த வாயு அந்தத் தீயில் வெளியேற, வால்வு மூடி அரை நிமிடத்தில் எஞ்சின் நின்றது. பிறகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நட்டு போட்டார்கள். கடலோரத்தில் ஏவுகிறவர்கள் ஃபிட்டிங்கின் உலோகத்தை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும்.

2007 மார்ச் 21: எஞ்சின் கணினியில், எரிபொருளும் ஆக்சிஜனும் கலக்கும் விகிதத்துக்கான தவறான ஃபைல் ஏற்றப்பட்டிருந்தது. அதனால் ராக்கெட்டின் அடிப்பகுதியான முதல் கட்டம் திட்டமிட்டதைவிடக் குறைந்த உயரத்திலேயே முடிந்தது, பிரியும்போது மேல் கட்டத்தின் நாசில் (எஞ்சினின் வாய்க்குழல்) உரசியது. அதன்பின் மேல் கட்டத்து ஆக்சிஜன் டேங்க்கில் தளும்பல். ஒரு பக்கம் தளும்பும், கட்டுப்பாட்டு மென்பொருள் நாசிலைத் திருப்பும், அந்தத் திருப்பலே அடுத்த தளும்பலைப் பெரிதாக்கும். கடைசியில் ராக்கெட் உருள, எரிபொருள் டேங்க் சுவரோடு ஒதுங்கி எஞ்சின் அணைந்தது. தண்ணீர் லாரி டேங்க்குக்குள் தடுப்புத் தகடு வைப்பது இதற்காகத்தான். எடையை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடாதீர்கள். (இதையும் நம் செய்திகளில் "வெடித்துச் சிதறியது" என்றே எழுதுவார்கள். கசிவு, உரசல், அணைவு எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு என்றால் படிக்கிற பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்?)

2008 ஆகஸ்ட் 3, எனக்கு முக்கியமான பாடம் இதுதான். புது மெர்லின் 1சி எஞ்சினில், சுவருக்குள் ஓடும் மண்ணெண்ணெய்தான் குளிர்விக்கும். எஞ்சினை நிறுத்தியபின் அந்தக் குழாய்களில் மிஞ்சியது கசிந்து, கொஞ்ச நேரம் மெலிதாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. எஞ்சினின் எரியறைக்குள் அழுத்தம் சுமார் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு). தரையில் காற்றழுத்தமே 14.7 என்பதால் சோதனை மேடையில் அது கண்ணில் படவில்லை. வெற்றிடத்தில் அந்தப் பத்தே போதும்: பிரிந்த முதல் கட்டம் பின்னாலேயே வந்து மேல் கட்டத்தை முட்டியது. எஞ்சினை நிறுத்துவதற்கும் பிரிப்பதற்கும் இடையே நேரத்தைக் கூட்டினார்கள். எட்டே வாரத்தில், செப்டம்பர் 28 அன்று, நாலாவது முறையில், செயற்கைக்கோளுக்குப் பதிலாக வைத்த 165 கிலோ மாதிரி எடை சுற்றுப்பாதைக்குப் போனது.

ஆகவே எஞ்சின் எவ்வளவு தள்ளுகிறது என்பதோடு, நிறுத்தியபின் எத்தனை விநாடி தள்ளுகிறது என்பதையும் அளந்து வையுங்கள். வெற்றிடத்தில் அளக்க வசதி இல்லையென்றால், மிஞ்சும் எரிபொருளின் கனஅளவிலிருந்து கணக்குப் போட்டு, இடைவெளியைத் தாராளமாக விடுங்கள்.

இன்னொன்று. அந்த நாலாவது ராக்கெட்டை விமானத்தில் கொண்டுபோகும்போது, தரையிறங்கும் வேளையில் வெளியழுத்தம் ஏறி டேங்க் உள்வாங்கி நசுங்கியது. மெல்லிய டேங்க்கை மூடி ஏற்றுவதற்கு முன், காற்று உள்ளே போகும் துளை இறங்கும் வேகத்துக்கு ஈடு கொடுக்குமா என்று பாருங்கள்.