நேர்காணலுக்குத் தயார் செய்வது எப்படி என்று கேட்ட தங்கச்சிமடம் அம்மாவுக்கு

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், நீட்டில் தகுதி மதிப்பெண் வந்திருக்கிறது, ஆனால் அரசு சீட்டுக்கு எட்டவில்லை. வெளிநாட்டில் எம்பிபிஎஸ் சேர்த்துவிடும் ஏஜென்ட், அடுத்த வாரம் ஆன்லைனில் நேர்காணல் என்கிறார். துபாயில் இருக்கும் மாமா உடனே முன்பணம் கட்டச் சொல்கிறார். பிள்ளைக்கு இங்கிலீஷ் பேச வராதே, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

இங்கிலீஷை நினைத்துப் பயப்படாதீர்கள் அம்மா. பணம் கட்டத் தயாராக இருக்கும் பிள்ளையை இந்த மாதிரி நேர்காணலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பி நான் பார்த்ததே இல்லை. நம் மாநில எம்பிபிஎஸ் கவுன்சலிங்கில் நேர்காணல் என்று ஒன்று கிடையாது, நீட் மதிப்பெண், தரவரிசை, இட ஒதுக்கீடு அவ்வளவுதான். வேலூர் சிஎம்சி ஒரு காலத்தில் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசித்தான் எடுத்தது, இப்போது அங்கேயும் நீட்தான். உண்மையாகவே உட்கார வைத்துக் கேள்வி கேட்பது புனே ராணுவ மருத்துவக் கல்லூரி, அதற்கும் முதலில் நல்ல நீட் மதிப்பெண் வேண்டும். அதனால் நேர்காணல் பயிற்சி என்று எவராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். முப்பது லட்சம் ஆகும், படகை வைத்துக் கடன் வாங்கலாம் என்று அவள் அப்பா சொல்கிறாராம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வட்டி மட்டும் ஓடும். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிப்புக்கு வந்தால், தேசிய மருத்துவ ஆணையம் 2021-இல் போட்ட விதிப்படி வெளிநாட்டில் குறைந்தது 54 மாதம் படிப்பு, அங்கேயே ஒரு வருடம் பயிற்சி மருத்துவர், திரும்பி வந்து தகுதித் தேர்வு, தேறினால் இங்கே மறுபடி ஒரு வருடம் பயிற்சி. அந்தத் தகுதித் தேர்வில் பல முறை நூற்றுக்கு முப்பது பேர்கூடத் தேறியதில்லை. இந்தக் கடனை வாங்காதீர்கள். மாமா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் வட்டி கட்டப்போவது அவர் இல்லை.

மகளோடு தனியாகப் போனில் பேசினேன். ஏன் டாக்டர் என்று கேட்டதற்கு, ஏழைகளுக்குச் சேவை செய்ய என்று மனப்பாடமாக ஒரு வரி சொன்னாள். அப்புறம் பேச்சு மண்டபம் ஊரில் கூண்டில் வளர்க்கும் கடல் விரால் மீன் பக்கம் போனது, பிள்ளை நிறுத்தவே இல்லை. என்ன தீனி போடுகிறார்கள், ஏன் சில நேரம் மொத்தமாகச் செத்துப் போகிறது, மீனுக்கு நோய் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று என்னையே கேட்டாள்.

அதைப் படிக்க ஒரு தொழிற்படிப்பு இருக்கிறது, பி.எஃப்.எஸ்சி, நான்கு வருட மீன்வள அறிவியல். தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் தூத்துக்குடி, பொன்னேரி, தலைஞாயிறு கல்லூரிகளில் இருக்கிறது. தூத்துக்குடிக் கல்லூரி 1977-இல் இருந்து நடக்கிறது, உங்கள் ஊரில் இருந்து காலையில் பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மாநில இடங்களுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும். மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டும். மீன் நோயும் சிகிச்சையும், குஞ்சு உற்பத்தி, இறால் பண்ணை, பதப்படுத்துதல், ஏற்றுமதித் தரம், கடல் வளக் கணக்கு எல்லாம் பாடம். கடைசி வருடம் மீனவ ஊர்களிலும் பண்ணைகளிலும் ஆலைகளிலும் நேரடிப் பயிற்சி. மேலே எம்.எஃப்.எஸ்சி-யில் மீன் நோயியலையே தனியாக எடுத்துப் படிக்கலாம், மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகமே பல வருடம் மண்டபத்தில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. இவள் பேசிய அந்தக் கடல் விராலை 2010-இல் முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்ததும் அதே மண்டபத்து நிலையம்தான்.

மீனவன் பிள்ளை மறுபடி மீனையே படிக்கணுமா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தெரிந்த கடல், நகரத்தில் இருந்து வரும் பிள்ளைக்குத் தெரியாது, இந்தப் படிப்பில் அது இவளுக்குப் பெரிய பலம். வேலை விஷயத்தில் ஆசை காட்ட மாட்டேன். மீன்வள ஆய்வாளர் போன்ற அரசுப் பணிக்கு டிஎன்பிஎஸ்சி எழுத வேண்டும், அறிவிப்பு வருடா வருடம் வராது. குஞ்சு பொரிப்பகங்களில் ஆரம்பச் சம்பளம் குறைவு, ஊருக்கு வெளியே இருக்கும், இரவு வேலையும் உண்டு. ஆனால் படகு உங்கள் கையில் இருக்கும்.

முடிவு அவளுடையது. கல்லூரியைப் பார்த்த பிறகும் டாக்டர்தான் என்று அவளே சொன்னால், வீட்டில் இருந்தே படித்து இன்னொரு முறை நீட் எழுதட்டும், அதற்கு நான் துணை. அதுவரை ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், மகளின் அசல் சான்றிதழ்களையும் கொடுக்காதீர்கள். சாதிச் சான்றிதழைத் தயாராக வையுங்கள், மீனவர் குடும்பம் என்பதற்கு என்ன சான்று கேட்பார்கள் என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் இந்த வாரமே விசாரியுங்கள். மாமாவுக்கு விளக்கம் சொல்லச் சங்கடமாக இருந்தால் அவர் நம்பரை அனுப்புங்கள், நானே பேசுகிறேன்.