ரப்பர் கொழுந்துக் காலத்தில் தேனீக் குடி பிரிகிறதே, என்ன செய்வது?

கேள்வி: குலசேகரம் அருகே ரப்பர் தோட்டத்தில் 6 நியூட்டன் வகைத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். மாசி பிறந்து இலை கொழுந்துவிட்டதும் 2 பெட்டிகளில் பாதி ஈக்கள் பறந்துவிட்டன. 10 நாள் ஆகிறது. சர்க்கரைப் பாகு வைக்கலாமா?

பதில்: பாகு வேண்டாம். பசியில் ஓடும் ஈக்கள் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போகும். பாதி ஈக்கள் தங்கியிருப்பதால் இது குடி பிரிதல்தான், அதாவது பழைய ராணி ஒரு பங்கு ஈக்களோடு வேறு கூடு தேடிப் போவது. ரப்பர் கொழுந்தில் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தைக் காலையில் உற்றுப் பாருங்கள், பொட்டுப் பொட்டாகத் தேன் துளிர்த்திருக்கும். இவ்வளவு வரத்து இருக்கும்போது பாகு ஊற்றினால் அது பெட்டியின் மேலடுக்கான தேன் அறைக்குப் போய்த் தேனைக் கெடுத்துவிடும்.

பிரிந்த 2 பெட்டிகளில் அவசரப்பட்டு, புது ராணி வளரும் ராணி அறைகளை எல்லாம் கிள்ளிவிடாதீர்கள். நிறையப் பேர் இங்கேதான் குடியை இழக்கிறார்கள். பழைய ராணி பிரிந்த கூட்டத்தோடு போய்விட்டது. 10 நாள் ஆனபின் புது ராணி வளர்க்க முட்டையோ இளம்புழுவோ உள்ளே இருக்காது. அடையின் அடி ஓரத்தில் நிலக்கடலை போலத் தொங்கும் அறைகளில் நீளமான, நேரான ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். அதன் நுனியில் மெழுகு சுரண்டப்பட்டுப் பழுப்பாகத் தெரிந்தால் ராணி ஓரிரு நாளில் வந்துவிடும். எல்லா அறையும் ஏற்கெனவே திறந்திருந்தால் ராணி வந்துவிட்டது என்று பொருள். அது பறந்துபோய் இணைசேர்ந்து திரும்பவேண்டும், அதனால் இரண்டு வாரம் பெட்டியைத் தொடாதீர்கள். அப்புறம் திறந்தால் அடையில் அறைக்கு ஒரு முட்டை இருக்கவேண்டும். ஒரே அறையில் இரண்டு மூன்று கிடந்தால் அவை ராணி இல்லாததால் வேலைக்கார ஈ இட்டவை. அந்தக் குடியை ராணியுள்ள பெட்டியோடு சேர்த்துவிடுங்கள்.

சரி, மற்ற 4 பெட்டிகள். இவற்றை 5 நாளுக்கு ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும். முட்டையிட்ட எட்டாம் நாள் வாக்கில் ராணி அறை மூடப்படும். மூடியதும் பழைய ராணி கிளம்பிவிடும். மூடியில் ஊசி குத்தியதுபோலத் துளையுள்ள ஆண் ஈ அறைகள் பெருகினால் பிரியத் தயாராகிறது என்று அறியுங்கள். இங்கே ராணி அறைகளை ஒன்றுவிடாமல் கிள்ளலாம், ஆனால் இடம் கொடுக்காமல் கிள்ளினால் மறுபடி கட்டும். கீழடுக்கான புழு அறையின் 7 சட்டங்களிலும் ஈ நிறைந்திருந்தால் இன்றே தேன் அறையை ஏற்றுங்கள். பழைய கறுத்த அடை ஒன்றை எடுத்துவிட்டுக் காலிச் சட்டம் கொடுங்கள். அதற்குப் பிறகும் கட்டினால், தேன் குறைந்தாலும் பரவாயில்லை, நீங்களே குடியைப் பிரித்து வேறு பெட்டியில் வையுங்கள்.