கூடாரத்துக்குள் எழுதிய பத்திரம்

கேள்வி: எனக்கு வயது 71. சபையில் மூப்பராக இருக்கிறேன். என் இரண்டு மகன்களுக்கும் இடையே நான்கு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. இளையவன் எங்களோடு இருக்கிறான், ஆலயத்துக்கும் தவறாமல் வருகிறான். மூத்தவன் ஆராதனைக்கு வருவதையே விட்டுவிட்டான்; வாரம் ஒருமுறை தொலைபேசியில் எங்கள் உடல்நலத்தை விசாரிப்பதோடு சரி. வீட்டை இளையவன் பெயருக்கு எழுதிவைத்தாயிற்று. அவனுக்கும் என் மனைவிக்கும் தவிர யாருக்கும் தெரியாது. மூத்தவனுக்குத் தேவன் ஏற்ற வேளையில் வெளிப்படுத்துவார். வேதத்தில் இளையவர்கள் தெரிந்துகொள்ளப்பட்டது புதிதல்லவே. ஆபிரகாம் விசுவாசத்தோடு காத்திருந்ததுபோல, பிள்ளைகள் ஒன்றுபடும் நாளுக்காக நானும் காத்திருக்கிறேன். முற்பிதாக்களின் வாழ்க்கையிலிருந்து எந்தப் பாடத்தைப் பற்றிக்கொண்டு ஜெபிக்க வேண்டும்?

பதில்: ஐயா, ஆபிரகாமின் காத்திருப்பு சற்றுக் காத்திருக்கட்டும். "எழுதிவைத்தாயிற்று" என்று ஒரு சொல் எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை. எழுதியது யார்? கையெழுத்திட்டது யார்? "எழுதிவைத்தேன்" என்று என்னிடம் சொல்லக்கூட உங்களுக்கு மனம் வரவில்லை. செய்தவரை மறைத்த அந்த வாக்கியத்தை அடுத்து, அதை மூத்த மகனுக்குச் சொல்லும் பொறுப்பைத் தேவன்மேல் ஏற்றிவிட்டீர்கள். பத்திரம் எழுதும்போது அவரை எதிர்பார்த்துக் காத்திராத நீங்கள், அறிவிக்கும் வேலைக்கு மட்டும் அவரை எதிர்பார்ப்பது எந்த வகை விசுவாசம்?

இத்தகைய கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. ஆனால் பெரும்பாலும் அவை பிள்ளைகளிடமிருந்து, தகப்பனின் அடக்க ஆராதனை முடிந்த பிறகு வருபவை. உயிரோடிருக்கும் தகப்பன் ஒருவர் எழுதியிருப்பதால்தான் இவ்வளவு கடுமையாகப் பதில் எழுதுகிறேன். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

உங்களை நீங்கள் ஆபிரகாமோடு ஒப்பிடுகிறீர்கள். எனக்கு நீங்கள் ஆதியாகமம் 27-ஆம் அதிகாரத்தில் வரும் அவருடைய மகன் ஈசாக்காகத் தெரிகிறீர்கள். தமக்கு வயதாகிவிட்டது, மரண நாள் எப்போது என்று தெரியாது என்று சொல்லி, மூத்த மகன் ஏசாவை மட்டும் தனியே அழைத்து, அவன் கையால் சமைத்த வேட்டை உணவைப் புசித்துவிட்டு அவனை ஆசீர்வதிக்க அவர் எண்ணினார். இளைய மகன் யாக்கோபுக்குச் சொல்லவில்லை. மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்ற கர்த்தருடைய வார்த்தையைக் கருவுற்றிருந்த நாளிலேயே பெற்றிருந்த மனைவி ரெபெக்காளோடும் அவர் இதைக் கலந்து பேசியதாக அங்கே ஒரு வரியும் இல்லை. அவள் ஒட்டுக்கேட்டே அறிந்தாள். தகப்பன் ஒரு இரகசியம் வைத்தார், தாய் அதற்கு எதிராக இன்னொன்று வைத்தாள். ஏசாவைப்போல் வேடமிட்டுத் தகப்பனின் ஆசீர்வாதத்தைப் பெற யாக்கோபு அணிந்த ஆட்டுத்தோலும் அண்ணனின் உடையும் அதன் பிறகு வந்தவைதான். நாம் யாக்கோபின் வஞ்சனையைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அந்த வஞ்சனைக்கு இடம் கொடுத்த தகப்பனின் கூடாரத்தைப் பற்றி அவ்வளவாகக் கேட்டதில்லை.

பின்னர் நடந்ததைக் கவனியுங்கள். ஏசா தன் தம்பியைக் கொல்ல உடனே கிளம்பிவிடவில்லை. தகப்பனுக்காகத் துக்கங்கொண்டாடும் நாட்கள் வரட்டும், அதன்பின் கொல்லுவேன் என்று நாள் குறித்தான். நீங்கள் சொல்லும் "ஏற்ற வேளை" எது என்று உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். அது உங்கள் மரணத்துக்குப் பின் அலமாரி திறக்கப்படும் நாள் அல்லவா? ஏசா குறித்துவைத்த அதே நாளைத்தான் உங்கள் மகனுக்காக நீங்களும் குறித்துவைத்திருக்கிறீர்கள்.

சாவு நெருங்கிவிட்டது என்று எண்ணிய ஈசாக்கு சாகவும் இல்லை. ஆதியாகமம் தரும் வயதுகளைக் கூட்டிக் கழித்தால் அப்போது அவருக்கு 137 வயது; மரித்தது 180-ஆம் வயதில். அந்த 43 ஆண்டுகளில் முதல் இருபதாண்டுகள் யாக்கோபு அண்ணனுக்குத் தப்பி ஓடி, ஆரானில் மாமனுக்கு ஊழியம் செய்துகொண்டிருந்தான். சில நாட்கள் மட்டும் அங்கே இரு, ஆள் அனுப்பி அழைப்பிப்பேன் என்று சொல்லி வழியனுப்பிய ரெபெக்காள் அவனை மறுபடி கண்டதாக வேதத்தில் எங்கும் எழுதப்படவில்லை. உங்கள் மனைவிக்கும் இந்த இரகசியத்தில் பங்கு இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

இளையவன் தெரிந்துகொள்ளப்படுவது வேதத்தில் புதிதல்ல என்கிறீர்கள். உண்மைதான். அதற்காகவே 48-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். கண் மங்கிய யாக்கோபு கைகளை மாற்றி, வலதுகையை இளைய பேரனான எப்பிராயீமின் தலையில் வைத்தார். மூத்தவன் மனாசே அங்கேயே இருந்தான், இருவருடைய தகப்பன் யோசேப்பும் இருந்தான். யோசேப்புக்கு அது பிடிக்கவில்லை, கையை எடுத்து மாற்றப் பார்த்தான். எனக்குத் தெரியும், மகனே, எனக்குத் தெரியும் என்று கிழவர் முகத்துக்கு முன்பாகவே சொல்லி, அவனும் பெருகுவான், ஆனாலும் தம்பி அவனிலும் பெரியவனாவான் என்று காரணத்தையும் சொன்னார். அடுத்த அதிகாரத்தில் எல்லாக் குமாரரையும் கூடிவரச் செய்து, மூத்த மகன் ரூபனுக்குச் சொல்ல வேண்டிய கசப்பான வார்த்தையையும் சகோதரர் கேட்கவே சொன்னார். பங்கு சமமாக இல்லை. ஆனால் எதுவும் ஒளிவில் நடக்கவில்லை. தகப்பனை ஏமாற்றி ஆசீர்வாதம் பெற்றவன், தன் பிள்ளைகளே ஆட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்த யோசேப்பின் அங்கியைக் காட்டித் தன்னை ஏமாற்றியதையும் அனுபவித்தவன், கடைசியில் கற்றுக்கொண்ட பாடம் அது.

நீங்கள் பெயர் சொன்ன ஆபிரகாமும் அப்படித்தான். தமக்கு உண்டான யாவையும் ஈசாக்குக்குக் கொடுத்தார்; மற்றப் பிள்ளைகளுக்குத் தாம் உயிரோடிருக்கையிலேயே நன்கொடைகள் கொடுத்து அனுப்பினார். அடிமைப்பெண் ஆகாரையும் அவளிடம் தமக்குப் பிறந்த பிள்ளை இஸ்மவேலையும் அப்பத்தோடும் ஒரு துருத்தித் தண்ணீரோடும் அனுப்பிய காலைவேளையை என்னால் இன்றும் சங்கடமில்லாமல் வாசிக்க முடிவதில்லை. ஆனாலும் இஸ்மவேல் தன் நிலை என்னவென்று அறிந்திருந்தான். 175 வயதில் தகப்பன் மரித்தபோது மக்பேலா குகையில் ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்தே அவரை அடக்கம்பண்ணினார்கள்.

உங்கள் இளைய மகனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் ஆலயத்துக்குத் தவறாமல் வருவதை அவனுக்கு ஆதரவான சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். அண்ணனிடம் மறைக்க வேண்டியதை மறைத்துக்கொண்டு திருவிருந்தில் பங்குபெற அவனைப் பழக்கியதும் நீங்களே. கேரார் என்ற ஊரில் ஆபிரகாம் மனைவியைச் சகோதரி என்று சொன்னார்; பின்னாளில் ஈசாக்கும் அதே கேராரில் அதையே சொன்னார். பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்வது வீட்டை மட்டுமல்ல, ஐயா.

மூத்தவனோ ஒவ்வொரு வாரமும் உங்களைத் தொலைபேசியில் அழைக்கிறான். அதை நீங்கள் "அதோடு சரி" என்று குறைத்து எழுதியதுதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. பத்திரத்தை அலமாரியில் பூட்டிவைத்துக்கொண்டு, நலமாயிருக்கிறேன் என்று அவனுக்கு எத்தனை வாரம் பதில் சொல்லியிருப்பீர்கள்?

இதற்காக ஜெபிக்க ஒரு பாடம் கேட்டீர்கள். நான் ஒன்றும் தரப்போவதில்லை. இரண்டு பிள்ளைகளையும் உங்கள் மனைவியையும் ஒரே அறையில் உட்காரவையுங்கள். ஜெபத்தோடு தொடங்க வேண்டாம். ஜெபித்தபின் மூத்தவன் கோபப்பட்டால் அவனைத்தான் எல்லாரும் குற்றவாளியாகப் பார்ப்பீர்கள். முதலில் பத்திரத்தை நீங்களே வாய்விட்டு வாசியுங்கள். பிறகு காரணத்தைச் சொல்லுங்கள். எங்களைப் பராமரிக்கிறவன் இவன் என்பது காரணமானால் அதைச் சொல்லலாம். அது கேட்கத்தக்க காரணம். ஆலயத்துக்கு வராததற்குத் தண்டனையாக இதைச் செய்தீர்களானால் அதையும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சொல்ல நா எழவில்லை என்றால் அந்தப் பத்திரத்தை மாற்றி எழுதுங்கள். அவன் எழுந்து கத்தினால் கத்தட்டும், நீங்கள் எழுந்து போய்விடாதீர்கள். எனக்கென்று உம்மிடம் ஒரே ஒரு ஆசீர்வாதம்கூட மீதியில்லையா என்று ஏசா அழுதபடி கேட்டதை இவனும் கேட்பான். அதற்கு என்ன பதில் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமும் அவன் அழைப்பான். உடல்நலத்தைப் பற்றிப் பேச வேண்டாம். வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.