வெளுத்த குடும்பத்தில் கறுத்த பிள்ளை

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. மார்த்தாண்டம் பக்கம். அம்மாவும் அக்காவும் நல்ல வெளுப்பு, நான் மட்டும் அப்பாவைப் பெற்ற பாட்டாவின் நிறம். சொந்தக்காரர்கள் கூப்பிடுவதே 'கருப்பட்டி' என்றுதான். "நம்ம ஆட்கள் பூர்வீகமாவே வெளுத்தவங்க, இது மட்டும் எங்க இருந்து வந்துச்சோ" என்று அம்மா வீட்டில் சிரிப்பார்கள். வேலை திருவனந்தபுரத்தில், அங்கே நான் 'பாண்டி', தமிழர்களை அப்படித்தான் கேலியாகச் சொல்வார்கள். சென்னைக்குப் போனால் என் பேச்சைக் கேட்டு "மலையாளியா?" என்கிறார்கள், உடனே முகத்தைப் பார்த்து "அப்படித் தெரியலையே" என்கிறார்கள். இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அனுப்பிய போட்டோவை அவ்வளவு வெளுக்க வைத்திருக்கிறார்கள், அதில் இருப்பது நானே இல்லை. ஆறு மாதமாக ஒரு கிரீம் தேய்க்கிறேன். முதலில் நிறம் மாறியது, இப்போது வெயிலில் இறங்கினால் முகம் எரிகிறது. நான் எந்த ஊர்க்காரி, எந்தக் குடும்பத்துக்காரி? (பெயர் வேண்டாம்)

பதில்: மக்களே, மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்த கிரீம். பெயரை நீ எழுதவில்லை. ஆனால் சட்டென்று வெளுத்து, பிறகு வெயில் பட்டால் எரிகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் முகத்தில் தேய்த்தால் அது தோலை மெலிய வைக்கும், பரு வரும், சிலருக்கு முகத்தில் முடிகூட வளரும். கோபத்தில் நீயாகத் திடீரென்று நிறுத்தினாலும் முன்பைவிடச் சிவந்து பொங்கலாம். அதனால் டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் டாக்டரிடம் போ. ஊரில் இருந்தால் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, செலவும் இல்லை. மெடிக்கல் ஷாப்காரரும் பக்கத்து வீட்டு மயினியும் சொல்லும் யோசனைகளைக் கொஞ்ச நாள் கேட்காதே.

சரி, இனி 'எங்க இருந்து வந்துச்சோ'. பாட்டாவிடம் இருந்து வந்தது, நீயே எழுதியிருக்கிறாய், இதில் என்ன மர்மம்? நிறமியைச் செய்யும் செல்கள் உன் தோலிலும் அம்மா தோலிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கும், அவை எவ்வளவு மெலனின் செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம். அதைத் தீர்மானிக்கும் ஜீன்கள் ஒன்றிரண்டு அல்ல, பல. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவது மாதிரி அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி என்று வருவதால், ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்கு ஒரு கை, உனக்கு ஒரு கை. 2005இல் ஒரு சின்ன மீனின் வரிகள் ஏன் வெளிறிப்போகின்றன என்று ஆராய்ந்தவர்கள், மனிதனிலும் நிறத்தை மாற்றும் ஒரு முக்கியமான ஜீனைக் கண்டுபிடித்தார்கள். அதில் வெளுப்பைத் தரும் மாற்றம் ஐரோப்பியரிடம் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு, அதே மாற்றம் தென்னிந்தியாவிலும் பல சாதிக்காரர்களிடமும் பல மொழிக்காரர்களிடமும் பரவிக் கிடக்கிறது. அதனால் வெளுப்பை வைத்து உன் அம்மா வீட்டார் சொல்லும் வம்சக் கதை நிற்காது. அந்த மாற்றத்தில் ஒரு பிரதி உன் உடம்பிலேயே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆனால் 'எல்லாம் வெறும் மெலனின்தான்' என்று உன்னைத் தேற்றிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. ஜீன் கணக்கு தெரிந்துவிட்டால் 'கருப்பட்டி' என்று கூப்பிட்டது வலிக்காமல் போய்விடுமா? (கருப்பட்டி இப்போது என்ன விலை விற்கிறது என்று அவர்களுக்குத் தெரியுமா என்பது வேறு விஷயம்.) நானும் யோக்கியம் இல்லை. பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் காது மடலைப் பார்த்து 'இது வளர வளரக் கறுக்கும்' என்று சொன்ன வாய்தான் இது. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, ஆனால் அந்தத் தாய் முகம் சுருங்கியதைப் பார்த்தும் இரண்டு மூன்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் புதிதில்லை. மேலுடம்பை மறைக்கும் உரிமைக்காக இங்கே பெண்கள் பல வருஷம் அடி வாங்கினார்கள், திருவிதாங்கூர் ராஜா 1859இல்தான் நாடார் பெண்கள் மறைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார், அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த உத்தரவுக்கு முன்பே, சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் தலைப்பாகை கட்டச் சொன்னார். அங்கே பள்ளியறையில் இன்றும் சிலை கிடையாது, நிலைக்கண்ணாடிதான், கும்பிடப் போகிறவருக்குத் தெரிவது அவரவர் முகம். நீ எந்தச் சாதி, எந்த மதம் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. இதெல்லாம் உன் ஊரில் நடந்தவை, அதனால் உனக்கும் சொந்தம்.

இன்னொன்று. சங்கப் பாட்டுகளில் தலைவியின் அழகைச் சொல்ல 'மாமை' என்று ஒரு சொல் வரும், மாந்தளிர் மாதிரியான நிறம் என்பார்கள். காதலன் பிரிந்து போனால் அந்த மாமை போய், உடம்பில் பசலை படரும், அதாவது வெளிறிப்போகும். வெளிறியது என்றால் அங்கே நோய், கவலை. எந்த நூற்றாண்டில் இதைத் தலைகீழாக்கினோம் என்று வரலாறு படித்தவர்கள் சொல்லட்டும். 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975இல் கடைக்கு வந்தது, 2020இல் பெயரில் இருந்த 'ஃபேர்' போய் 'குளோ' ஆனது. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் பழைய பெயரிலேயே நிற்கிறார்கள்.

பாண்டி விஷயத்துக்கு நான் ரொம்ப யோசிக்கவில்லை. நம் ஊர்ப் பழைய ஆட்களே ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே இருந்து வருகிறவரைப் 'பாண்டிக்காரன்' என்பார்கள், நாம் சொன்னது நமக்கே திரும்பி வருகிறது, அவ்வளவுதான். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம், உன் விளவங்கோட்டுப் பக்கத்துத் தமிழில் மலையாளம் கலந்திருப்பதில் அதிசயம் இல்லை. மலையாளி என்றால் வெளுப்பு, தமிழச்சி என்றால் கறுப்பு என்று நினைக்கிறவர்கள் கேரளத்து விழிஞ்ஞம் கடற்கரையில் அரை மணி நேரம் நின்று பார்க்கட்டும். உன்னைக் கேட்டால் ஊர் பெயரை மட்டும் சொல், அதற்கு மேல் விளக்கம் கொடுக்காதே. நானும் அப்படித்தான்.

போட்டோவை நீயே பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பு. அம்மா சண்டை போடுவார்கள், போடட்டும். பெண் பார்க்க வருகிறவன் நேரில் எப்படியும் பார்க்கத்தானே போகிறான்? படத்தைப் பார்த்தே வேண்டாம் என்றால் நேந்திரங்காய் சிப்ஸும் காப்பியும் மிச்சம்.

எனக்கு உறுத்தியது வேறொன்று. இவ்வளவு நீளமான கடிதத்தில் பாட்டாவைப் பற்றி அவர் நிறத்தைத் தவிர நீயும் எதுவும் எழுதவில்லை. பனையேறினாரா, ரப்பர் வெட்டினாரா, வாத்தியாரா, கடை வைத்திருந்தாரா? எந்தக் குடும்பத்துக்காரி என்று கேட்கிறாய், ஆனால் அந்தக் குடும்பத்தில் அவரைக் கறுத்த மனுஷன் என்று மட்டும்தான் உனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள் போல. அப்பாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேள். உன்னிடம் யாரும் கேட்டதில்லை என்று அவரும் இத்தனை வருஷம் சும்மா இருந்திருக்கலாம். அடுத்த கடிதத்தில் பாட்டா என்ன வேலை பார்த்தார் என்று எழுது, டாக்டர் என்ன சொன்னார் என்பதையும்.