கேள்வி–பதில்: ஒரே பெயரில் இரண்டு செயற்கூறுகள்

கேள்வி: பதினோராம் வகுப்பில் சி++ பாடத்தில் ‘செயற்கூறு பணிமிகுப்பு’ படித்திருக்கிறேன். இப்போது கோடோ என்ற விளையாட்டு உருவாக்கும் என்ஜினில் ஒரு சிறு விளையாட்டை எழுதி வருகிறேன். தாக்கு(அளவு) என்று ஒரு ஃபங்ஷனும், தீ, நஞ்சு போன்ற வகைகளுக்காகத் தாக்கு(அளவு, வகை) என்று இன்னொன்றும் எழுதினால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபங்ஷன் இருப்பதாகப் பிழை காட்டுகிறது. கோடோ என்ஜினே சி++ மொழியில் எழுதப்பட்டதுதானே? அதற்கு இது ஏன் முடியவில்லை?
— கல்லூரி மாணவி, விருதுநகர்

பதில்: கோடோவின் ஸ்கிரிப்ட் மொழியான ஜிடிஸ்கிரிப்டில் ஃபங்ஷன் ஓவர்லோடிங் (நீங்கள் படித்த செயற்கூறு பணிமிகுப்பு, அதாவது ஒரே பெயரில் பல ஃபங்ஷன்கள்) கிடையாது, எந்தப் பதிப்பிலும் இருந்ததில்லை. என்ஜின் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதற்கும் அதன் ஸ்கிரிப்ட் மொழியில் என்னென்ன வசதிகள் உண்டு என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் உங்கள் கேள்வியை அத்துடன் முடித்துவிட மனம் வரவில்லை, ஏனென்றால் சி++ அதை எப்படிச் செய்கிறது என்று பார்த்தால்தான் ஜிடிஸ்கிரிப்ட் ஏன் செய்யவில்லை என்பது விளங்கும்.

சி++ கம்பைலர் (நிரலைக் கணினிக்கான மொழிக்கு மாற்றும் மென்பொருள்) உங்கள் நிரலைப் படிக்கும்போதே ஒவ்வொரு மாறியின் வகையையும் அறிந்திருக்கிறது. தாக்கு(int) என்பதையும் தாக்கு(int, string) என்பதையும் அது பார்த்ததும், அளபுருக்களின் (அடைப்புக்குறிக்குள் ஃபங்ஷன் பெறும் மதிப்புகளின்) வகைகளை ஃபங்ஷனின் பெயரோடு ஒட்டி, நம் கண்ணில் படாத இரண்டு நீண்ட பெயர்களை உருவாக்கிக்கொள்கிறது. அழைப்பு வரும் ஒவ்வோர் இடத்திலும் எந்த நீண்ட பெயர் பொருந்தும் என்று கம்பைல் செய்யும்போதே முடிவு கட்டிவிடுகிறது. ஆக, சி++ ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்களை வைத்துக்கொள்கிறது என்பதைவிட, நமக்குப் பதிலாகத் தானே இரண்டு பெயர்களைச் சூட்டிக்கொள்கிறது என்பதே சரியாக இருக்கும்.

ஜிடிஸ்கிரிப்டில் இந்த வழி இரண்டு இடங்களில் அடைபடுகிறது. முதலாவது, வகைகள் கட்டாயமில்லை. மாறிக்கு வகை குறிக்கும் வசதியே 2019இல் வெளிவந்த 3.1 பதிப்பில்தான் சேர்ந்தது. இன்றும் அது விருப்பத்துக்கு உட்பட்டது. வகை குறிக்காத ஒரு மாறியில் எண்ணும் இருக்கலாம், எழுத்துச் சரமும் இருக்கலாம், ஓர் எதிரியே இருக்கலாம். அதைத் தாக்கு என்பதற்குள் அனுப்பினால், எந்தத் தாக்கு என்பதை விளையாட்டு ஓடும்போது ஒவ்வோர் அழைப்பிலும் புதிதாக ஆராய வேண்டியிருக்கும். நொடிக்கு 60 முறை ஓடும் ஒரு ஃபங்ஷனுக்குள் அந்த ஆராய்ச்சியை வைப்பது வீண் செலவு.

இரண்டாவது காரணத்தையே நான் பெரிதாகக் கருதுகிறேன். விளையாட்டு என்ஜினில் ஒரு ஃபங்ஷனை நீங்கள் மட்டும் அழைப்பதில்லை. என்ஜினும் அழைக்கிறது, அதுவும் பெயரைச் சொல்லி அழைக்கிறது. எடிட்டரில் ஒரு பொத்தானின் சிக்னலை (அது அழுத்தப்பட்டது போன்ற நிகழ்வை அறிவிக்கும் குறிப்பை) உங்கள் ஸ்கிரிப்டோடு இணைக்கிறீர்கள் அல்லவா? அந்தக் காட்சிக் கோப்பை ஏதாவது ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். எந்தச் சிக்னல், எந்த நோடிலிருந்து (காட்சியின் உறுப்பிலிருந்து), எந்த நோடுக்கு, எந்த மெத்தட் (ஃபங்ஷன்) என்று ஒரே வரியில் எழுதியிருக்கும். மெத்தட் என்ற இடத்தில் இருப்பது வெறும் பெயர். அளபுருக்கள் எத்தனை, என்ன வகை என்ற விவரம் அந்த வரியில் இருக்காது. அனிமேஷனின் நடுவே ஒரு ஃபங்ஷனை அழைக்கும் டிராக்கும் பெயரைத்தான் வைத்திருக்கிறது. ஒரு குழுவில் உள்ள எல்லா எதிரிகளுக்கும் ஒரே கட்டளை அனுப்பும்போதும், வலைப்பின்னல் வழியாக மற்றொரு கணினியில் உள்ள ஃபங்ஷனை இயக்கும்போதும் இதே நிலைதான். ஸ்கிரிப்ட் தன் ஃபங்ஷன்களைப் பெயருக்கு ஓர் இடம் என்ற அட்டவணையில் வைத்திருக்கிறது; தாக்கு என்ற பெயருக்கு அதில் இரண்டு இருக்கைகள் இல்லை.

நம் இலக்கணத்தார் ‘பலபொருள் ஒருசொல்’ என்று வகுத்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு. உடன் வரும் வினை பொருளைக் காட்டிக்கொடுக்கிறது. ‘மா வீழ்ந்தது’ என்றால் எது வீழ்ந்தது என்று தெரியாது. காட்சிக் கோப்பில் இருக்கும் வெறும் பெயர், வினை எதுவும் உடன் வராத ‘மா’ போன்றது.

இனி, உங்கள் விளையாட்டுக்கு வருவோம். நீங்கள் கேட்டதற்கு ஒரே ஃபங்ஷன் போதும். வகை என்ற அளபுருவுக்கு முன்னிருப்பு மதிப்பாக (எதுவும் அனுப்பாதபோது தானாக அமையும் மதிப்பாக) ‘சாதாரணம்’ என்று கொடுத்துவிட்டால், தாக்கு(10) என்றும் அழைக்கலாம், தாக்கு(10, "தீ") என்றும் அழைக்கலாம். முன்னிருப்பு மதிப்பு உள்ளவை பட்டியலின் கடைசியில்தான் வர வேண்டும். அளபுருவின் பெயரைச் சொல்லி மதிப்பு அனுப்பும் வழி ஜிடிஸ்கிரிப்டில் இல்லாததால், நடுவில் உள்ள ஒன்றைத் தாண்டிக் கடைசியானதற்கு மட்டும் மதிப்பு கொடுக்கவும் முடியாது. இப்படிப்பட்டவை மூன்று நான்கு என்று பெருகினால், எல்லாவற்றையும் ஒரு டிக்ஷனரியிலோ, தாக்குதலுக்கென்று எழுதிய சிறு கிளாஸிலோ வைத்து அனுப்புவது நல்லது. தாக்கு(10, "தீ", true, false, 3) என்ற அழைப்பை மூன்று மாதம் கழித்துப் படித்தால் எழுதியவருக்கே புரியாது. எத்தனை மதிப்புகள் வரும் என்று முன்கூட்டியே தெரியாத இடங்களுக்கு, எல்லாவற்றையும் ஓர் அர்ரேயாகத் திரட்டிக்கொள்ளும் வசதி 2025இல் வந்த 4.5 பதிப்பில் சேர்ந்திருக்கிறது. உங்களுக்கு அது தேவைப்படாது.

அளபுருவின் வகையைப் பொறுத்து வேறு வேறு வேலை செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: மோது(சுவர்), மோது(எதிரி), மோது(பெட்டி) என்று மூன்று எழுத ஆசை வந்தால், அந்த வேலை மோதுபவனுடையதுதானா என்று முதலில் யோசியுங்கள். சுவர், எதிரி, பெட்டி மூன்றுக்கும் தனித்தனியே அடிவாங்கு என்று ஒரு ஃபங்ஷனை எழுதிவிட்டால், மோதுபவன் எதிரே இருப்பதன் அடிவாங்கு என்பதை அழைத்தால் போதும். நாளை ஒரு மரத்தைச் சேர்க்கும்போது மோதுபவனின் நிரலைத் தொடவே வேண்டியிருக்காது.

கேள்வி: ஜிடிஸ்கிரிப்டில் ஓவர்லோடிங் இல்லை என்கிறார்கள். ஆனால் வெக்டர்2 என்பதை இரண்டு எண்கள் கொடுத்தும் உருவாக்குகிறோம், வெறும் அடைப்புக்குறி போட்டும் உருவாக்குகிறோம். கலர் என்பதற்கு மூன்று எண்கள், நான்கு எண்கள், நிறத்தின் பெயர் என்று எதைக் கொடுத்தாலும் ஏற்கிறது. தனக்கொரு நீதி, நமக்கொரு நீதியா?
— மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

பதில்: நன்றாகப் பிடித்தீர்கள். உள்ளமைந்த வகைகளின் கன்ஸ்ட்ரக்டர்களுக்கு (அந்த வகையில் ஒரு மதிப்பை உருவாக்கித் தரும் ஃபங்ஷன்களுக்கு) ஓவர்லோடிங் உண்டு. அவை என்ஜினுக்குள் சி++ மொழியில் எழுதி மூடப்பட்டவை. பட்டியல் சிறியது, யாரும் அதில் புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது, எந்தச் சிக்னலும் அவற்றைப் பெயர் சொல்லித் தேடி வருவதில்லை. ஆகவே அனுப்பிய மதிப்புகளின் எண்ணிக்கையையும் வகையையும் அந்தச் சிறு பட்டியலோடு ஒப்பிட்டுப் பொருத்திவிடலாம். நீங்கள் எழுதும் கிளாஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் தொடக்க ஃபங்ஷன் ஒன்றே ஒன்றுதான்.

என்ஜினை எழுதியவர்களும் இந்தக் கட்டுப்பாட்டின் விலையைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் காண வேண்டுமானால் எண் சார்ந்த ஃபங்ஷன்களைப் பாருங்கள். குறி நீக்கிய மதிப்பைத் தர ஆப்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அது எந்த வகையையும் ஏற்கும், ஆனால் எந்த வகையைத் திருப்பித் தரும் என்று முன்கூட்டியே சொல்லாது; அதனால், வகையை மதிப்பிலிருந்தே ஊகித்துக்கொள் என்று அறிவித்த மாறியில் அதன் விடையை வைத்தால் பிழை வரும். அதற்காகவே முழு எண்களுக்கு ஆப்ஸ்ஐ, பின்ன எண்களுக்கு ஆப்ஸ்எஃப் என்று கோடோ 4இல் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. மேக்ஸ், கிளாம்ப் ஆகியவற்றுக்கும் அப்படியே. சி++ கம்பைலர் மறைவாகச் செய்யும் பெயர்சூட்டலை இங்கே மனிதர்கள் வெளிப்படையாகச் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிறத்தை 0 முதல் 1 வரையிலான எண்களால் சொல்வது ஒரு முறை, 0 முதல் 255 வரையிலான எண்களால் சொல்வது மற்றொரு முறை. இரண்டிலும் மூன்று எண்கள்தான் வருகின்றன. ஓவர்லோடிங் எவ்வளவு திறமையாக இருந்தாலும், எண்ணிக்கையையும் வகையையும் மட்டுமே பார்க்கும்; எண்ணின் அலகு அதற்குத் தெரியாது. எனவே 255 கணக்குக்குக் கலர்8 என்று தனிப்பெயர் வைத்தார்கள். சுழற்சியை ரேடியனில் சொல்ல ஒரு பண்பும், பாகையில் சொல்ல வேறு பெயரில் ஒரு பண்பும் இருப்பது இதே காரணத்தால்தான்.

கேள்வி: நான் லுவா மொழியில், லவ் என்ற கட்டமைப்பைக் கொண்டு எழுதுகிறேன். ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் எழுதினேன், பிழையே வரவில்லை. ஆனால் முதலாவது எப்போதும் ஓடுவதில்லை.
— பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: பிழை வராததே லுவாவில் உள்ள ஆபத்து. லுவாவில் ஃபங்ஷன் என்பது எண்ணைப் போல, சரத்தைப் போல ஒரு மதிப்பு. ஃபங்ஷனை எழுதுவது என்பது ஒரு மாறியில் அந்த மதிப்பை வைப்பதுதான். ஒரு மாறியில் முதலில் 5 வைத்து, பிறகு 7 வைத்தால் 5 போய்விடுகிறது அல்லவா? உங்கள் முதல் ஃபங்ஷனுக்கும் அதுவே நேர்ந்தது. மேலும், குறைவாக அனுப்பிய மதிப்புகளுக்கு நில் (nil, ‘மதிப்பு எதுவும் இல்லை’) என்று வைத்துக்கொண்டும், கூடுதலாக அனுப்பியவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டும் லுவா தொடர்ந்து ஓடுகிறது. பைத்தானும் பழைய ஃபங்ஷனை இப்படித்தான் மறந்துவிடும், ஆனால் அழைக்கும்போது எண்ணிக்கை பொருந்தாவிட்டால் சண்டைக்கு வரும்.

லுவாவில் ஓவர்லோடிங்கை நம் கையாலேயே செய்ய வேண்டும்: உள்ளே நுழைந்ததும் வந்த மதிப்பின் வகை என்ன என்று கேட்டுப் பிரித்துவிட வேண்டும். நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் லவ் கட்டமைப்பின் டிரா என்ற ஃபங்ஷனே இதற்கு நல்ல சான்று. படத்துக்கு அடுத்ததாக எண் வந்தால் அதை இடத்தின் எக்ஸ் அளவாகக் கொள்கிறது. படத்தின் ஒரு துண்டைக் குறிக்கும் குவாட் வந்தால், அந்தத் துண்டை மட்டும் வரைந்து, இட அளவுகளை அதற்கடுத்துத் தேடுகிறது.

முன்னிருப்பு மதிப்புக்காக ‘ஒலி = ஒலி அல்லது ஆம்’ என்ற பாணியில் எழுதும் பழக்கம் லுவா எழுதுபவர்களிடம் பரவலாக உண்டு. 0 என்பதை லுவா உண்மையாகவே கருதுவதால் எண்களில் அது தொல்லை தராது. ஆனால் ஒலி வேண்டாம் என்று நீங்கள் பொய் மதிப்பை அனுப்பும்போது, அந்த வரி அதைத் தூக்கி எறிந்துவிட்டு ‘ஆம்’ என்பதை வைத்துவிடும். அளபுரு உண்மை, பொய் மதிப்பை ஏற்பதாக இருந்தால், அது நில்தானா என்று வெளிப்படையாகக் கேட்டு எழுதுங்கள்.

கேள்வி: தாய் கிளாஸில் உள்ள அதே பெயரில் சேய் கிளாஸில் எழுதினால் ஜிடிஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்கிறதே, அது ஓவர்லோடிங் இல்லையா?
— பாலிடெக்னிக் மாணவர், சேலம்

பதில்: இல்லை, அது ஓவர்ரைடிங். அங்கே இரண்டும் அருகருகே இருப்பதில்லை. சேயின் ஃபங்ஷன் தாயினுடையதை மறைத்துவிடுகிறது. அதனால்தான் கோடோ 4இல் சேயின் அளபுருக்கள் தாயினுடையவற்றோடு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறார்கள். கடைசியில் முன்னிருப்பு மதிப்புள்ள அளபுருவைக் கூட்டிக்கொள்ள மட்டும் இடம் உண்டு.

கேள்வி: ஓவர்லோடிங் உள்ள விளையாட்டு ஸ்கிரிப்ட் மொழியே இல்லையா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்டு. ஆண்ட்ரியாஸ் யோன்சன் உருவாக்கி 2003 முதல் வெளிவரும் ஏஞ்சல்ஸ்கிரிப்ட் அப்படிப்பட்டது. 2010இல் வந்த ‘அம்னீஷியா: தி டார்க் டிசென்ட்’ என்ற திகில் விளையாட்டின் ஸ்கிரிப்டுகள் அந்த மொழியில் எழுதப்பட்டவை. அதில் எல்லா மாறிகளுக்கும் வகை உறுதியாகத் தெரியும் என்பதால், ஒரே பெயரில் பல ஃபங்ஷன்கள் இருந்தாலும் கம்பைல் செய்யும்போதே பொருத்தமானதைத் தேர்ந்துவிடுகிறது. ஒன்றுக்கு மேற்பட்டவை சமமாகப் பொருந்தினால் பிழை என்று நிறுத்திவிடுகிறது.

ஆனால் அங்கும் பெயர்ச் சிக்கல் முழுவதுமாகத் தீரவில்லை. என்ஜின் பக்கத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் ஃபங்ஷனைத் தேடி எடுக்க இரண்டு வழிகள் உள்ளன: பெயரை மட்டும் சொல்வது ஒன்று, திருப்பித் தரும் வகையும் அளபுருக்களின் வகைகளும் அடங்கிய முழு அறிவிப்பையும் சொல்வது மற்றொன்று. அந்தப் பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் இருந்துவிட்டால், முதல் வழியில் தேடும் என்ஜினுக்கு எதுவும் கிடைக்காது.